கஞ்சிக் கிண்ணமும் குளோன் வீரர்களும்: ஆலிவர் ட்விஸ்ட் எப்பவோ டிஸ்டோப்பியாதான்

இன்னைக்கு எபிசோட் ஒரு காமிக்ஸில் ஆரம்பித்து, 1834-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் போகும். அங்கிருந்து நம்ம சென்னை மாகாணத்துக்கும் ஒரு வழி இருக்கு.

காமிக்ஸ் பேரு 'ஆலிவர்'. 2019-ல் இமேஜ் காமிக்ஸ் வெளியிட்டது. எழுதியவர் கேரி விட்டா. 'ரோக் ஒன்' படத்தின் கதையில் பங்கு உள்ளவர். வரைந்தவர் டாரிக் ராபர்ட்சன். 'தி பாய்ஸ்' காமிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர். கதை நடப்பது, போரில் சிதைந்துபோன லண்டனில். சண்டை போடுவதற்காகவே தயாரிக்கப்பட்ட குளோன் வீரர்கள் இருக்காங்க. போர் முடிந்தபின் அவங்க யாருக்கும் வேண்டாதவங்க. அவங்க நடுவில் ஒரு அநாதைப் பையன் வளர்கிறான். அவன்தான் ஆலிவர்.

"டிக்கென்ஸ் கதையை எதுக்குப்பா இப்படி சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்கணும்?"னு உங்களுக்குத் தோணலாம். நியாயமான கேள்விதான். ஆனா ஒரிஜினல் கதையே ஒரு டிஸ்டோப்பியா. அதுவும் எதிர்காலத்தைப் பற்றியது இல்லை. அப்போ அமலில் இருந்த சட்டத்தைப் பற்றியது.

'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 பிப்ரவரியில் ஒரு மாத இதழில் தொடராக வர ஆரம்பித்தது. டிக்கென்ஸுக்கு அப்போ 25 வயசு. அவருக்கு 12 வயசு இருக்கும்போது அப்பா கடனுக்காக ஜெயிலுக்குப் போக, இவர் ஷூ பாலிஷ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொடரின் முதல் பகுதியோடவே ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் வரைந்த படம் வந்தது: கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கும் ஒல்லிப் பையன். பிறந்த நாளிலிருந்தே ஆலிவர் ஒரு படக்கதை ஹீரோ மாதிரிதான்.

இப்போ அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1834-க்கு முன்னாடி இங்கிலாந்தில் ஏழைகளுக்கு உதவுறது உள்ளூர் பாரிஷின் பொறுப்பு. வீட்டுக்கே பணமோ ரொட்டியோ போகும். செலவு ஏறிக்கிட்டே போனதும், 1832-ல் அரசு ஒரு கமிஷன் போட்டது. அறிக்கையை எழுதியதில் முக்கியமான இருவர் நாசாவ் சீனியர், எட்வின் சாட்விக். அவங்க வைத்த விதி ரொம்ப எளிமையானது: உதவி வாங்குபவரின் நிலை, வெளியே கூலி வேலை செய்யும் பரம ஏழையின் நிலையைவிட மோசமாக இருக்கணும். உதவி வேணுமா? வொர்க்ஹவுஸுக்குள் வா. உள்ளே வந்ததும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் வேறு பக்கம். எல்லோருக்கும் சீருடை.

இதை ஒரு இன்ஜினியராகப் படிக்கும்போது எனக்கு உடனே ஒன்று தோணுச்சு. சில ஆப்களில் 'கேன்சல்' பட்டனை ஏழு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி ஒளித்து வைப்பாங்க இல்லையா? வசதி இருக்கு, ஆனா நீங்க பயன்படுத்தக் கூடாது. வொர்க்ஹவுஸும் அதே டிசைன்தான். அங்கே கொடுமை தற்செயலாக வந்த பக் இல்லை. அதுதான் ரிக்வயர்மென்ட்.

அந்த டிசைன் அவங்க கணக்கில் வேலையும் செய்தது. ஏழைகளுக்கான செலவு 1834-ல் சுமார் 63 லட்சம் பவுண்டு. 1837-ல் சுமார் 40 லட்சம். டாஷ்போர்டில் பச்சை விளக்கு. ஆனா பசி எவ்வளவு குறைந்ததுன்னு சொல்ல அந்த டாஷ்போர்டில் இடமே இல்லை.

கஞ்சி விஷயத்தில் டிக்கென்ஸ் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்பதும் உண்மை. அதிகாரபூர்வ உணவுப் பட்டியல்களில் ரொட்டி, சீஸ், சில நாட்களில் இறைச்சிகூட இருந்தது. ஆனா பட்டியலில் இருப்பதெல்லாம் தட்டுக்கு வந்துச்சா? 1845-ல் ஆண்டோவர் என்ற ஊரின் வொர்க்ஹவுஸில், உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலை பார்த்தவங்க, அதில் ஒட்டியிருந்த சதையையும் மஜ்ஜையையும் பசி தாங்காமல் தின்றது வெளியே வந்தது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1847-ல் அந்த கமிஷனையே கலைத்துவிட்டு வேறு வாரியம் அமைத்தாங்க. நாவலைவிட நிஜம்தான் மோசமாக இருந்தது.

அப்போ குளோன்கள்? அதுக்கும் நிஜத்தில் வேர் உண்டு. ராபர்ட் ப்ளின்கோ என்ற அநாதைச் சிறுவன் லண்டன் செயின்ட் பான்க்ரஸ் வொர்க்ஹவுஸில் வளர்ந்தவன். இது 1834 சட்டத்துக்கும் முந்தைய காலம். 1799-ல், சுமார் ஏழு வயதில், நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு பஞ்சாலைக்கு மற்ற குழந்தைகளோடு அனுப்பப்பட்டான். அங்கே போனா வறுத்த மாட்டிறைச்சியும் புட்டிங்கும் கிடைக்கும்னு ஆசை காட்டினாங்க. கிடைத்தது அடியும் பட்டினியும். மெஷினில் விரலின் ஒரு பகுதியும் போச்சு. அவன் கதை 1832-ல் புத்தகமாக வந்தது. பாரிஷுக்கு ஒரு வாய் மிச்சம், ஆலைக்கு ஒரு ஜோடி கை லாபம். மனுஷனை ஒரு வேலைக்கான பாகமாக மட்டும் பார்க்கிற இந்தக் கணக்கைத்தான் காமிக்ஸின் குளோன்களிலும் நான் பார்க்கிறேன்.

இந்தச் சிந்தனை கப்பலேறி இங்கேயும் வந்தது. 1873-74 பீகார் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பலரைக் காப்பாற்றினார். அதுக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. அதிகம் செலவு செய்துட்டார்னு திட்டு. 1877-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது அதே டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், கூடச் சில்லறைக் காசும் போதும்னு நிர்ணயித்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அளவைக் கூட்டினாங்க. ஆனா அதுக்குள் முகாம்களில் பலர் செத்துட்டாங்க. உதவியைக் கசப்பாக்கினால் தகுதியானவன் மட்டும்தான் வருவான் என்ற அந்த லாஜிக், சோதனையில் தோற்றது இவங்க உடம்பில்தான்.

இன்னொன்றும் கவனிங்க. சோம்பேறிகளைத் தடுக்கத்தான் இந்தக் கடுமைன்னு சொன்னாங்க. ஆலிவர் என்ன சோம்பேறியா? வொர்க்ஹவுஸில் பிறந்த குழந்தை. அப்பா பெயர் தெரியாது, அம்மா பிரசவத்திலேயே போய்ட்டா. 1834 சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் பொறுப்பை அநேகமாக முழுசாக அம்மா தலையிலேயே வைத்தது. அப்போ அந்த ஒரு கிண்ணம் கஞ்சிக்கு யார் எந்தத் தகுதியை நிரூபிக்கணும்?

அதனால் 'ஆலிவர்' காமிக்ஸ் கிடைத்தா படிங்க. கூடவே ஒரிஜினல் நாவலின் முதல் சில அத்தியாயங்களையும் புரட்டிப் பாருங்க. அடுத்த முறை ஒரு நலத்திட்டத்துக்கு ஏழு ஆவணம், மூணு ஓடிபி, நாலு மணி நேர வரிசைன்னு கேள்விப்பட்டா, இதனால் எவ்வளவு பணம் மிச்சம் என்பதோடு, வரிசையிலிருந்து திரும்பிப் போனது யாருன்னும் கேளுங்க. அந்த எண்ணை யாராவது எழுதி வைக்கிறாங்களான்னும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.