துறைமுக எழுதுவினைஞரும் அறுபது என்னும் எண்ணும்

திருக்கோணமலைத் துறைமுகமும் சென்னைத் துறைமுகமும் ஒரே வங்கக் கடலை நோக்கி நிற்பன. வரும் பொருளை எண்ணிக் கணக்கெழுதுதல் எந்தத் துறைமுகத்துக்கும் அன்றாடத் தொழில். 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுதுவினைஞராய் அமர்ந்த இளைஞர் ஒருவரோ எண்களின் உள்ளமைப்பையே கணக்கெடுத்தார். அவரே சீனிவாச இராமானுஜன்.

தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். அறுபதை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகிய பன்னிரண்டு எண்களும் மீதியின்றி வகுக்கும். பன்னிரண்டு காரணிகளையுடைய எண்களுள் மிகச் சிறியது இதுவே. ஓர் எண்ணை முதன்மை எண்களின் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும். பன்னிரண்டை 12, 6×2, 4×3, 3×2×2 என நான்கு வகையாகப் பிரிக்கலாம். இவை முறையே தரும் மிகச் சிறிய எண்கள் 2048, 96, 72, 60 என்பன.

பல முதன்மை எண்களைச் சேர்ப்பதே எப்போதும் சிறந்தது என்று இதனாற் கொள்ளுதல் தவறாகும். பதினாறு காரணிகளுக்கு 2×3×5×7 என்பது 210ஐத் தரும். 2×2×2×3×5 என்பதோ 120 மட்டுமே. ஏழைச் சேர்ப்பதினும் இரண்டை இருமுறை கூடுதலாகப் பெருக்குவதே சிக்கனம். எனவே ஒவ்வொரு தொகைக்கும் எல்லா வழிகளையும் ஒப்பிட்டே முடிவுகாண வேண்டும்.

இராமானுஜன் இதனினும் நுண்ணியதொரு வினாவை எழுப்பினார். தன்னிற் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுதியான காரணிகளையுடைய எண்கள் யாவை? ஐந்து காரணிகளையுடைய மிகச் சிறிய எண் 16. ஆயினும் அதனிற் சிறிய 12க்கு ஆறு காரணிகள் உளவாதலின் 16 இவ்வரிசையில் இடம்பெறாது. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை தொடரும். 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்த அவரது கட்டுரை இவ்வெண்களை 6746328388800 வரை பட்டியலிட்டது. அதில் விடுபட்டது 293318625600 என்னும் ஓர் எண்ணே. கழகத்தின் பணநெருக்கடியால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின்னரே அது வெளிவந்தது.

கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமையால் தாயகத்தில் பட்டம் பெறமுடியாதிருந்தவர் அவர். 1916இல் கேம்பிறிச்சுப் பல்கலைக்கழகம் இவ்வாய்வுக்காகவே அவருக்குப் பட்டம் வழங்கியது. ஒரே அளவுகோலால் மாணவரை அளக்கும் கல்விமுறை எதனை இழக்கக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.