40 வாட்ஸ் வானொலி

திருக்கோஷ்டியூர்க்காரன் எனக்கு, தான் கேட்டதை ஊருக்கே சொன்னவர் என்றால் முதலில் கோபுரமேறிய ராமானுஜர். அடுத்து சி.வி.கிருஷ்ணசாமி செட்டி.

இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைப் பூட்டி டிரான்ஸ்மிட்டர் செய்தவர் இவர். 1924 மே 16-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31-ல் ஒலிபரப்பு. சக்தி வெறும் 40 வாட்ஸ், பழைய குண்டு பல்பு அளவுதான்! பம்பாயில் கம்பெனி நிலையம் வந்ததே 1927-ல்தான்.

அதே 1927 அக்டோபரில் பணமில்லாமல் கிளப் நின்றது. கருவியைக் காயலான் கடையில் போடவில்லை, மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது.

நாற்பது வருஷமா சால்டரிங் அயர்னும் கையுமா இருக்கிற எனக்கு இதுதான் பாடம்: பொழுதுபோக்கு நம்ம பையில் காசு இருக்கிறவரை ஓடும், ஊரிடம் கொடுத்தால் ஊரோடு நிற்கும். உங்கள் பரணிலும் ஏதாவது கிடந்தால், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்களேன்.