விழித்திரை நோயும் வளர்ச்சிக் காரணிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவாத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போருக்குக் கையும் கண்ணுமே முதல். நீரிழிவோ அக்கண்ணை வலியின்றிக் கவர்கின்றது. குருதியிற் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் விழித்திரையின் நுண்கலன்கள் அடைபடுகின்றன. ஒட்சிசன் பெறாத அவ்விழித்திரையிற் புதிய கலன்கள் முளைக்கின்றன. வலுவற்ற அவை உடைந்து குருதி கசிகின்றது. விழித்திரை பிரிந்து பார்வை கெடுகின்றது. அவற்றை முளைப்பிப்பது யாது என்னும் வினாவுக்கு விடை காண அரை நூற்றாண்டு சென்றது.

குருதி குன்றிய விழித்திரை தானே ஒரு பொருளைச் சுரந்து கலன்களைத் தூண்டுகின்றது என 1948இல் ஐசக் மைக்கேல்சன் கருதினார். அப்பொருள் பின்னர் ‘எக்ஸ் காரணி’ எனப்பட்டது. கபச்சுரப்பி செயலிழந்த நீரிழிவுப் பெண்ணொருத்தியின் விழித்திரை நோய் தணிந்தமையை 1953இற் பௌல்சன் எடுத்துரைத்தார். அதன்பின் அச்சுரப்பியை அகற்றும் கடுஞ்சிகிச்சையும் சிலகாலம் கையாளப்பட்டது. செருமனியரான மேயர் ஷ்விக்கராத் விழித்திரையை ஒளியாற் சுடும் முறையை வகுத்தார். அம்முறை கடும் பார்வையிழப்பை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைப்பதை 1976இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. எனினும், தூண்டும் பொருள் யாதென்பது அப்பொழுதும் புலப்படவில்லை.

விடை புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. கலன்களைக் கசியச் செய்யும் காரணியொன்றைக் கட்டிகளில் 1983இற் செங்கரும் துவோராக்கும் கண்டனர். கலன்களை வளர்க்கும் காரணியொன்றை 1989இல் நெப்போலியன் பெராரா குழுவினர் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தது. ‘வீ.ஈ.ஜீ.எவ்.’ எனப்படும் இக்காரணி நீரிழிவு விழித்திரை நோயிலும் விழித்திரை நாள அடைப்பிலும் கண்ணீர்மத்தில் மிகுவதை 1994இல் அயெல்லோ குழுவினர் காட்டினர். ஒட்சிசன் குன்றுங்கால் இதன் சுரப்பு பெருகும். ஒளியாற் சுட்ட பகுதிக்கு ஒட்சிசன் தேவை குறைதலின் சுரப்பும் தணிகின்றது. பழைய சிகிச்சையின் பயன் இவ்வாறு விளக்கம் பெற்றது. இக்காரணியைத் தடுக்கும் ரனிபிசுமாப் என்னும் மருந்து 2006இல் முதுமைக்கால விழிப்புள்ளி நோய்க்கும், 2012இல் நீரிழிவால் வரும் விழிப்புள்ளி வீக்கத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆயினும் இம்மருந்தைக் கண்ணினுள் மீண்டும் மீண்டும் ஊசிமூலம் ஏற்றுதல் வேண்டும். லுணுகலையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளை மருத்துவமனைக்கு வரும் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாட் கூலியின் இழப்பாகும். வலி இல்லாமையால், பார்வை மங்கிய பின்னரே பலர் வருகின்றனர். அப்பொழுது காலம் கடந்திருத்தலும் உண்டு. எனவே, நீரிழிவுடையோரின் விழித்திரையை ஆண்டுதோறும் தோட்டத்திலேயே பரிசோதித்தல் இன்றியமையாதது. ஆய்வுகூடத்திற் கிட்டிய விடை லயத்து வாசலை எட்டும்போதே அவ்வரலாறு நிறைவுறும் எனின் அது மிகையன்று.