வானிலிருந்து வரும் கதிர்கள்

1912ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர், போகிமியாவிலுள்ள ஆசிக் என்னும் ஊரிலிருந்து ஒரு பெரும் பலூன் மேலெழுந்தது. அதன் கூடையில் மூவர் இருந்தனர். அவருள் ஒருவர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானியான விக்டர் ஹெஸ். அவருக்கு வயது இருபத்தொன்பது. மூன்று மின்காட்டிகளை அவர் உடன் கொண்டு சென்றார். பலூன் 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து, நண்பகலில் பெர்லின் நகருக்கு அண்மையில் தரையிறங்கியது. இன்று செவ்வாய்க் கோளுக்கு மனிதரை அனுப்ப எண்ணுவோர் தயங்கி நிற்கும் இடத்திற்கு வரும் வழி, அந்தக் காலைப்பொழுதில் தொடங்கியது எனலாம்.

ஹெஸ் தேடிச் சென்றது ஒரு பழைய புதிருக்கான விடையையே. மின்னூட்டம் பெற்ற கருவியை எவ்வளவு காப்பாக மூடி வைத்தாலும், அது தன் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழந்துவிடும். பிரெஞ்சு அறிஞர் கூலும் 1785இலேயே இதனைக் கண்டிருந்தார். கதிரியக்கம் கண்டறியப்பட்ட பின்னர், மண்ணிலுள்ள கனிமங்களின் கதிர்களே இதற்குக் காரணம் என்று அறிஞர் கருதினர். அங்ஙனமாயின் மேலே செல்லச் செல்ல அக்கதிர்கள் குறைந்தாக வேண்டும். 1910இல் தியோடர் வுல்ஃப் என்பவர் பாரிசிலுள்ள ஈபிள் கோபுரத்தின் மீதேறி அளந்து பார்த்தார். கதிர் குறைந்தது; ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஹெஸ் இன்னும் மேலே சென்றார். முதலில் சற்றுக் குறைந்த கதிர், பின்னர் கூடத் தொடங்கிற்று. 5,000 மீட்டர் உயரத்தில் அது தரையிலிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாயிற்று. கதிர் மண்ணிலிருந்து வரவில்லை, வானிலிருந்தே வருகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதே ஆண்டு ஏப்பிரலில் சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்து பார்த்திருந்தார். ஞாயிறு மறைந்தும் கதிர் குறையவில்லை. ஆதலின் அதன் பிறப்பிடம் ஞாயிறும் அன்று. இக்கண்டுபிடிப்பிற்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காஸ்மிக் கதிர், அதாவது அண்டக் கதிர், என்னும் பெயரை 1925இல் இட்டவர் அமெரிக்க அறிஞர் மில்லிகன். ஒளியைப் போன்ற கதிர்களே அவை என்று அவர் நம்பினார். பெயர் நிலைத்தது, நம்பிக்கை நிலைக்கவில்லை. அதனைக் கலைத்த முதற் சான்று இந்தக் கடற்பகுதியிலிருந்து கிடைத்தது என்பது இங்குள்ளோர் அறியத்தக்க செய்தி. சாவகத்தின் பாண்டுங் நகரில் பேராசிரியராயிருந்த டச்சுக்காரர் யாக்கோப் கிளே, 1927இல் சாவகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது வழிநெடுகக் கதிரை அளந்துகொண்டே சென்றார். நிலநடுக்கோட்டின் அருகே கதிர் குறைவாகவும், வடக்கே செல்லச் செல்ல அதிகமாகவும் இருக்கக் கண்டார். ஒளியாயின் எங்கும் ஒரேபடியாக விழவேண்டும். வருபவை மின்னூட்டமுடைய துகள்கள். ஆகையால் புவியின் காந்தப் புலம் அவற்றை வளைத்துத் திருப்புகிறது. காம்ப்டன் 1930களில் உலகமெங்கும் நடத்திய அளவீடுகள் இதனை உறுதி செய்தன. தென்னிந்தியா முதல் மலேசியா வரையுள்ள நிலப்பரப்பின் மீது இக்காந்தக் கேடயம் மிக வலிமையாக உள்ளது. அதன் கீழே பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒப்பான காற்று மண்டலமும் இருக்கிறது. இவ்விரண்டையும் விட்டு வெளியேறுபவரே விண்வெளிப் பயணி.

அவர் எதனை எதிர்கொள்ளுகிறார் என்பது 1948இல்தான் தெளிவாயிற்று. அவ்வாண்டு பலூன்களில் அனுப்பிய ஒளிப்படத் தகடுகளில், ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் அணுக்கருக்களோடு இரும்பு போன்ற கனத்த அணுக்கருக்களின் தடங்களும் பதிந்திருந்தன. நூற்றுக்கு ஒன்றளவே உள்ள இக்கனத்த துகள்கள்தாம் கவலைக்குரியவை. ஒரு துகள் தன் வழியில் விளைக்கும் சிதைவு, அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்பின் மின்னூட்டம் 26. ஆதலின் ஒரே வேகத்தில் செல்லும் ஒரு புரோட்டானைவிட அது 676 மடங்கு சிதைவை உண்டாக்கும். எக்ஸ்ரே உடம்பில் ஆங்காங்கே சிதறலாகத் தாக்கும். இரும்புக் கருவோ நேர்கோடாக உயிரணுக்களைத் துளைத்துச் செல்லும். அக்கோட்டில் அகப்பட்ட டி.என்.ஏ. இழைகள் ஓரிடத்திலேயே பலவாறு முறிந்துவிடுவதால், உயிரணு அவற்றைச் செவ்வையாகத் திருத்திக்கொள்ள இயலாமற் போகிறது.

கண்ணே இதற்குச் சாட்சியாயிற்று. விண்வெளி செல்வோருக்கு இருளில் ஒளிப்பொறிகள் தோன்றும் என்று கொர்னீலியஸ் டோபையஸ் என்பவர் 1952இலேயே கூறிவிட்டார். அப்போது செயற்கைக் கோள்கூட ஏவப்படவில்லை! 1969இல் சந்திரனுக்குச் சென்று மீண்ட ஆல்டிரின், கண்ணை மூடியிருந்தபோதும் மின்னற்பொறிகள் தெரிந்தன என்றார். பின்னர்ச் சென்றவர்களும் அதனையே கண்டனர். அணுக்கருக்கள் விழித்திரையைத் துளைத்துச் சென்றதன் அடையாளம் அது.

1968 முதல் 1972 வரை சந்திரனை நோக்கிச் சென்றவர் இருபத்து நால்வர். அவர்கள் பெரிய கேடின்றித் திரும்பினர். பயணம் இரண்டு வாரத்துக்குட்பட்டது என்பது ஒரு காரணம். மற்றொன்றை நல்வாய்ப்பு என்பதே பொருந்தும். அப்போலோ 16 ஏப்பிரல் 1972இல் திரும்பியது. அப்போலோ 17 டிசம்பரில் புறப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே, ஆகஸ்டு முதல் வாரத்தில், ஞாயிற்றில் ஒரு பெரும் புயல் எழுந்தது. வடவியட்நாம் கரையோரக் கடலில் இடப்பட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் பல, கப்பல் எதுவும் நெருங்காமலே வெடிக்கும் அளவுக்கு அது புவியின் காந்தப் புலத்தைக் கலக்கிற்று. அன்று விண்வெளி உடையோடு மட்டும் சந்திரன் மீது நின்றவர் எவரேனும் இருந்திருப்பின், கடுமையான கதிர்நோய்க்கு ஆளாகியிருப்பார். உயிருக்கே இடர் நேர்ந்திருக்கவும் கூடும்.

ஞாயிற்றுப் புயல் சில மணி அல்லது சில நாள் நிகழ்ச்சி. கலத்தினுள் தண்ணீரும் உணவும் சூழ்ந்த ஓரிடத்தில் ஒதுங்கி அதனின்று பெரும்பாலும் தப்பலாம். அண்டக் கதிருக்கோ ஓய்வில்லை. அலுமினியச் சுவரைத் தடித்ததாக்கினால், அதில் மோதும் அணுக்கருக்கள் உடைந்து புதிய துகள்களாக உள்ளே பொழிகின்றன. ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீரும் பிளாஸ்டிக்கும் ஓரளவு மேலானவை. ஆயின் கலத்தின் எடையோ எல்லை கடந்துவிடும். மற்றொரு முரணும் உண்டு. ஞாயிறு கொந்தளிக்கும் ஆண்டுகளில் அதன் காந்த வீச்சு அண்டக் கதிரைத் தள்ளி வைக்கிறது. அது அடங்கிய ஆண்டுகளில் அண்டக் கதிர் பெருகுகிறது. ஒரு பகையை அஞ்சினால் மற்றொன்றின் வாயிலில் நிற்க வேண்டும்.

நீண்ட பயணத்தின் கணக்கை முதன்முதல் எடுத்து வந்தது ஆளில்லாத ஒரு கலம். 2011 நவம்பரில் புறப்பட்ட கியூரியாசிட்டி, தன்னுள் வைத்திருந்த கருவியால் வழியிலேயே கதிரை அளந்தது. அது செவ்வாயில் இறங்கிய நாள் 2012 ஆகஸ்டு 6. ஹெஸ் பறந்து நூறாண்டு நிறைய ஒரு நாளே குறைவு! நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட் என்பது அது கண்ட அளவு. புவியில் ஒருவர் இயற்கையாக ஓராண்டில் பெறும் சராசரி 2.4, விண்வெளியில் அது ஒன்றரை நாளுக்குள் வந்துவிடுகிறது. போகவர ஓராண்டு என்று கொண்டால் ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட். செவ்வாய்த் தரையில் ஐந்நூறு நாள் தங்குவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,000. ஒரு பயணி தம் பணிக்காலம் முழுவதிலும் பெறத்தக்கது என்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2022இல் வகுத்த எல்லையோ 600.

1,000 மில்லிசீவர்ட் என்பது, புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்தளவு கூட்டும் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் 1945ஆம் ஆண்டு குண்டுவீச்சிற்குத் தப்பிய மக்களிடமிருந்து. ஏறத்தாழ 1,20,000 பேரின் வாழ்வையும் சாவையும் 1950 முதல் தொடர்ந்து பதிவு செய்து பெற்ற பாடம் அது. ஆனால் அம்மக்கள் மீது பாய்ந்தது பெரும்பாலும் காமாக் கதிர், அதுவும் கணப்பொழுதில். செவ்வாய்ப் பயணிமீது பாயப்போவதோ கனத்த அணுக்கருக்கள். அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓயாமல். கதிரை அளக்கும் கருவி இன்று மிகத் துல்லியமானது. கேட்டை அளக்கும் கோல் இரவல் கோல். அவ்விரவலும் எத்தகைய துயரத்திலிருந்து பெற்றது என்பதை விண்வெளி நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

புற்றுநோயன்றி மற்ற கேடுகளுக்கு அந்த இரவல் கோலும் போதாது. விண்வெளி சென்று வந்தோரில் மிகுதியாகக் கதிர் பட்டவர்களுக்குக் கண்புரை முன்னதாகத் தோன்றக் கண்டுள்ளனர். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் 2003இல் திறக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில், கனத்த அணுக்கருக்களை எலிகள்மீது பாய்ச்சிப் பார்த்து வருகின்றனர். நினைவாற்றலும் புதியதை அறியும் ஆர்வமும் குன்றிய எலிகள் உண்டு. எனினும் பயணத்தில் மாதக்கணக்கில் சேரும் கதிரைப் பெரும்பாலான சோதனைகளில் சில நிமிடங்களிலேயே செலுத்துகின்றனர். எலியும் மனிதனும் ஒன்றல்ல என்பது ஒருபுறமிருக்க, காலமும் ஒன்றல்ல.

2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் கலம் ஆளின்றிச் சந்திரனைச் சுற்றி வந்தபோது, அதனுள் ஹெல்கா, சோகர் என்னும் இரண்டு பொம்மைகள் அமர்ந்திருந்தன. பெண்ணுடலின் மேற்பாதியைப்போல் செய்து, எலும்பு, நுரையீரல், கருப்பை இருக்குமிடங்களிலெல்லாம் ஆயிரக்கணக்கான அளவிகளைப் பதித்திருந்தனர். சோகருக்குக் காப்பு உடை அணிவித்திருந்தனர்; ஹெல்காவுக்கு அணிவிக்கவில்லை. புவியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர் வளையத்தின் உட்பகுதியைக் கடக்கையில் கலம் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த ஒரு திருப்பத்தாலேயே உள்ளே படும் கதிர் பாதியாகக் குறைந்தது என்பதை அவ்வளவீடுகள் காட்டின. செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அண்டக் கதிர் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அங்கே முகம் திருப்புவதற்குத் திசை இல்லை.