மண்புழு எருவும் ஒரு அகதிப் பெண்ணின் பக்டீரியாவும்

பசளையின் வரலாறு எண்டால் எல்லாரும் ஹேபர், பொஷ் எண்டுதான் தொடங்குவினம். காற்றில இருக்கிற நைதரசனை, பெரிய அமுக்கத்திலும் வெப்பத்திலும் அமோனியாவாக்கின கதை. அதே வேலையைச் சாதாரண மண்ணுக்குள்ள சத்தமில்லாமல் செய்கிற பக்டீரியாக்களின் பின்னால் வாழ்நாள் முழுக்க அலைந்த ஜொஹன்னா டொபரைனரைப் பற்றி ஆரும் பெரிசாகக் கதைக்கிறதில்லை.

1924இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். உலக யுத்தம் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன் பேசுகிறவர்கள் துரத்தப்பட்டார்கள். ஜெர்மனிக்கு வந்து சேர்ந்து, பண்ணைகளில் மாடு கறந்து, எரு பரப்பி, பிறகு மியூனிக்கில் விவசாயம் படித்தார். (இடம்பெயர்ந்தவர்கள் எதிலிருந்து தொடங்குவார்கள் என்பதை எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.) 1950களின் தொடக்கத்தில் பிரேசிலுக்குப் போய், ரியோவுக்குப் பக்கத்தில் செரோப்பெடிக்கா என்ற ஊரின் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

நைதரசனைப் பிடிக்கிறது அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில்தான் நடக்கும் என்பது அந்தக் காலத்துப் பொதுவான நம்பிக்கை. டொபரைனர் புல்லின் வேரிலும் கரும்பின் வேரிலும் தேடினார். கன பேர் நம்பவில்லை. 1960களில் பிரேசில் சோயாவைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கியபோது, யூரியாவை நம்பாமல் பக்டீரியாவை நம்புங்கோ எண்டு வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். இன்றைக்கும் அங்கே சோயாவுக்கு நைதரசன் பசளை பெரும்பாலும் போடுவதில்லை. 1986இல் அவரது குழு, சோளம், நெல் வேர்களில் கண்டெடுத்த ஒரு பக்டீரியாவுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தது: ஹெர்பாஸ்பிரில்லம் செரோப்பெடிக்கே.

ஆனா ஒரு சிக்கல். ஆய்வுகூடத்தில் நல்லா வேலை செய்கிற பக்டீரியா, வயலில் இறங்கினதும் அங்க ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர்களோட போட்டி போட ஏலாமல் காணாமல் போயிடும்.

இதுக்கு வழி திறந்தது அதே மாநிலத்தின் வடக்கில், கரும்புத் தோட்டங்கள் நிறைந்த கம்போஸ் நகரத்துப் பல்கலைக்கழகம். மண்புழு எருவிலிருந்து பிரித்தெடுத்த ஹியூமிக் அமிலம் (உக்கலின் சாரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ) சோள வேர்களை நீளச் செய்கிறது, பக்கவேர்களைக் கூட்டுகிறது என்று 2002இல் அங்கே காட்டினார்கள். பக்கவேர் வெளியே வரும்போது வேரின் தோலில் சின்ன வெடிப்பு விழும். பக்டீரியா உள்ளே போகிற வாசலே அதுதான்! வாசல்கள் கூடினால் குடியேறுகிறவர்களும் கூடத்தானே. ஹியூமிக் பொருட்களில் பக்டீரியா ஒட்டிக்கொண்டும் தங்கும். 2013இல் இரண்டையும் சேர்த்துச் சோளத்துக்குக் கொடுத்து, பயிர் கூடுதலாக வளர்வதை அறிவித்தார்கள். டொபரைனர் அதைப் பார்க்கவில்லை; 2000இல் இறந்துவிட்டார்.

2021 மே மாதம் எங்கட நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அந்த ஆறு மாதத்தை வைத்து, சேதனப் பசளையே சரிவராது எண்டு சொல்றவையோட எனக்கு உடன்பாடில்லை. பிரேசிலில் சோயாவில் தொடங்கி சோளம் வரைக்கும் வர அரை நூற்றாண்டு எடுத்தது. அதிலும் சோளத்துக்கு இன்னும் யூரியா போடுகினம்தான்.