தோலேட்டில் நின்ற கோபுரங்கள்

வீடு கட்ட எண்ணும் நாம் பொறியாளரிடம் ஆவலோடு கேட்டுப் பெறுவது முகப்பு வரைபடத்தைத்தான். பேச்சு வழக்கில் அதனை 'எலிவேஷன்' என்கிறோம். வீட்டின் வெளியழகு என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். கட்டடக் கலையிலோ அச்சொல் முதலில் குறிப்பது அழகையன்று, அளவையே.

தளப்படம் கட்டடத்தின் நீள அகலங்களைக் கூறும். வெட்டுப்படம், கட்டடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாற்போல் உள்ளமைப்பைக் காட்டும். முகப்பு வரைபடம் ஒரு பக்கத்துச் சுவரை நேர் நின்று நோக்கி, அதன் உயரங்களையும் அகலங்களையும் உள்ளவாறே தரும். அது கண் காணும் காட்சியன்று. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் நமக்கு உச்சி சிறுத்துத் தோன்றும். வரைபடத்தில் அது சிறுப்பதில்லை. அடிவாயிலும் உச்சிச் சாளரமும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டவை. ஓவியர் ரஃபேல் 1519ஆம் ஆண்டளவில் திருத்தந்தை பத்தாம் லியோவுக்கு எழுதிய மடலில் இதனையே வலியுறுத்தினார். சிறுத்துச் செல்லும் கோடுகளிலிருந்து மெய்யளவைப் பெற இயலாது. ஆகவே கட்டடக் கலைஞர் ஓவியரைப் போல் வரைதல் தகாது என்பது அவர் கருத்து.

இதன் மதிப்பை நமக்கு உணர்த்துவது ஜெர்மனியிலுள்ள கொலோன் பேராலயத்தின் வரலாறு. மூன்று ஞானியருடையவை என வணங்கப்படும் திருப்பண்டங்கள் 1164இல் அந்நகரை அடைந்தன. அவற்றுக்குத் தகுந்த ஆலயம் எழுப்ப, 1248ஆம் ஆண்டு விண்ணேற்புப் பெருவிழாவன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, இரு கோபுரங்களோடு கூடிய மேற்கு முகப்பு தோலேட்டில் வரையப்பட்டது. அவ்வரைபடத்தின் உயரம் மட்டும் ஏறத்தாழ 4 மீட்டர்!

ஆனால் பொருளும் ஆர்வமும் குன்றி, 1560ஆம் ஆண்டளவில் பணி நின்றுபோயிற்று. தென்கோபுரம் பாதி உயரத்தையும் எட்டவில்லை. அதன்மேல் கல் தூக்க வைத்த மரப் பாரந்தூக்கி, முடியாத பணியின் சாட்சியாக மூன்று நூற்றாண்டுகள் அங்கேயே நின்றது. 1794இல் பிரெஞ்சுப் படைகள் நகரைக் கைப்பற்றியபின் வரைபடமும் காணாமற்போயிற்று.

1814இல் டார்ம்ஸ்டாட் நகரில், ஒரு விடுதியின் பரணிலிருந்து அதன் ஒரு பாதி கிடைத்தது. அவரை விதைகளை உலர்த்த அது பயன்பட்டு வந்தது என்பது வழிவழிச் செய்தி. அதன் அருமையை அறிந்தவர் கட்டடக் கலைஞர் கேயார்க் மோலர். மறு பாதியை 1816இல் பாரிஸ் நகரில் கண்டெடுத்தவர் சுல்பிஸ் புவாசெரே. பிரிந்த பாதிகள் இணைந்தன. நின்ற பணிக்கு வழி பிறந்தது. 1842இல் புரட்டஸ்தாந்து மன்னரான நான்காம் பிரெடரிக் வில்லியம் மீண்டும் கல் நாட்டினார். மக்களும் சங்கம் அமைத்துப் பொருள் திரட்டினர். கூரைச் சட்டத்துக்குப் புதுக்கால இரும்பை ஏற்றவர்கள், முகப்புக்குப் பழைய தோலேட்டையே பின்பற்றினர். 1880இல் 157 மீட்டர் உயரத்தில் கோபுரங்கள் நிறைவுற்றன. பணியை நடத்திய சுவிர்னர் 1861இலேயே மறைந்துவிட்டார்.

அன்று வரைந்தவர், காண்போர் மகிழ உச்சியைச் சிறுக்க வைத்து ஓர் ஓவியம் தீட்டியிருந்தால், பின்வந்தோருக்கு அழகிய படம் ஒன்று கிடைத்திருக்கும். அதைக் கொண்டு கோபுரத்தைக் கட்டியிருக்க இயலாது. தாம் காணப்போகாத உயரத்தையும் அவர் குறையாமல் வரைந்தார். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அவரை அறியாத கைகள் அதனை நம்பிக் கல்மேல் கல் அடுக்கின.

இன்று அந்தத் தோலேடு அதே பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றில் காக்கப்பட்டு வருகிறது. நாம் தொடங்கும் நற்பணிகள் பலவும் நம் வாழ்நாளில் முடியாமற்போகலாம். பின்வருவோர் நம்பிக் கட்டுவதற்குரிய மெய்யளவை விட்டுச் செல்கிறோமா? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.