கொப்பளிப்பு மருந்தின் வரலாறு: விஞ்ஞானமும் வணிகமும்

மனிதனின் அன்றாடப் பழக்கங்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே பெறுகின்றன. அரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஆராயப்படும் அளவுக்கு, காலையில் வாய் கொப்பளிக்கும் செயல் ஆராயப்படுவதில்லை. ஆயினும் குளியலறைத் தட்டிலே நிற்கும் ஒரு கொப்பளிப்பு மருந்துப் போத்தலுக்குப் பின்னால் நுண்ணங்கியியலின் வளர்ச்சியும், கைத்தொழில் முதலாளித்துவத்தின் விரிவும், விளம்பரத்தின் எழுச்சியும், நுகர்வோரைக் காக்கும் சட்டத்தின் தோற்றமும் மறைந்து நிற்கின்றன. எத்தேவைக்கு எம்மருந்தைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவுக்கு விடை காண விழைவோர்க்கு இவ்வரலாறு பெரிதும் துணைபுரியும்.

வாய் கொப்பளித்தல் தொன்மை வாய்ந்த வழக்கமாகும். ஆயுர்வேத நூல்கள் இதனை இரண்டாக வகுத்துரைக்கின்றன. வாயினுள் அசைத்துக் கொப்பளிக்கக்கூடிய அளவு நீர்மத்தைக் கொள்வது கவளம். அசைக்க இயலாதவாறு வாய் நிறையக் கொண்டு வைத்திருப்பது கண்டூஷம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கவிஞர் கற்றுல்லஸ், சிறுநீரால் பல் துலக்கும் ஐபீரிய வழக்கத்தை எள்ளி நகையாடியுள்ளார். இவ்வழக்கங்கள் யாவும் அனுபவத்தின் வழி வந்தவை. வாயினுள் என்ன நிகழ்கின்றது என்பதை அக்கால மாந்தர் கண்ணாற் காணும் வாய்ப்பைப் பெற்றிருக்கவில்லை.

அவ்வாய்ப்பினை முதலிற் பெற்றவர் ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரத்துத் துணி வணிகரான அன்ரனி வன் லீவன்ஹூக் ஆவார். தாமே அமைத்த நுணுக்குக்காட்டியினூடாகத் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டி எடுத்த வெண்பொருளை அவர் நோக்கினார். அதில் உயிருள்ள சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டு 1683ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்துக்கு மடல் வரைந்தார். அவர் அத்துடன் அமைந்தாரல்லர். கடுமையான வினாகிரியால் வாயைக் கொப்பளித்த பின்னரும் பல்லிடுக்கில் அவ்வுயிர்கள் உயிரோடிருப்பதைக் கண்டார். சுரண்டி எடுத்த பொருளோடு வினாகிரியை நேரே கலந்தபோதோ அவை உடனே மடிந்தன. பல்லிற் படிந்த பொருளினுள்ளே வினாகிரி ஊடுருவவில்லை என்பதே அவர் கண்ட முடிபாகும். கொப்பளிப்பு மருந்தின் ஆற்றலும் எல்லையும் இவ்வெளிய பரிசோதனையிலேயே புலப்பட்டுவிட்டன. எனினும் இம்முடிபின் பொருள் முழுமையாக உணரப்பட ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நிலைமை மாறியது. லூயி பாஸ்ரரின் ஆய்வுகளால் உந்தப்பெற்ற யோசப் லிஸ்ரர், 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் காபோலிக்கமிலத்தைக் கொண்டு காயங்கள் அழுகுவதைத் தடுக்கலானார். 1867இல் தம் முறையை வெளியிட்டார். பேர்லினிற் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், வாயில் வாழும் நுண்ணங்கிகள் உணவிலுள்ள மாப்பொருளையும் வெல்லத்தையும் அமிலமாக்குவதனாலேயே பற்சூத்தை உண்டாகின்றது என்பதை 1890இல் வெளிவந்த தமது நூலில் நிறுவினார். நோய்க்குக் காரணம் நுண்ணங்கியாயின், அதனைக் கொல்லும் நீர்மம் நோயைத் தடுக்குமன்றோ என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. அவ்வெண்ணத்தை வணிகர் விரைந்து பற்றிக்கொண்டனர்.

ஜேர்மனியில் கார்ல் ஓகஸ்ற் லிங்னர் என்னும் தொழிலதிபர் 1890களின் தொடக்கத்தில் 'ஓடோல்' என்னும் கொப்பளிப்பு மருந்தைச் சந்தைப்படுத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அச்செல்வத்தின் ஒரு பகுதி 1911இல் டிறெஸ்டன் நகரில் நடைபெற்ற சர்வதேச சுகாதாரக் கண்காட்சிக்குப் பயன்பட்டது. மக்களுக்குச் சுகாதார அறிவு ஊட்டுவதும் தம் பொருளுக்குச் சந்தை தேடுவதும் இங்கு ஒருவர் கையிலேயே ஒன்றுபட்டமை கவனத்திற்குரியது.

ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1879இல் யோசப் லோறன்ஸ் என்னும் மருத்துவர் ஒரு கிருமிகொல்லியை ஆக்கி, லிஸ்ரரின் பெயரைத் தழுவி அதற்கு 'லிஸ்ரரீன்' எனப் பெயரிட்டார். அற்ககோலில் தைமோல், மெந்தோல், யூக்கலிப்டோல், மெதையில் சலிசிலேற்று ஆகியவை கரைந்த கலவை அது. அறுவை மருத்துவத்துக்கெனத் தோன்றிய அது 1895 முதல் பல் மருத்துவர்களுக்கும், 1914 முதல் பொதுமக்களுக்கும் விற்கப்படலாயிற்று.

பொருள் இருந்தது, ஆனால் அதனை நாள்தோறும் வாங்குதற்கான தேவை மக்களிடம் இருக்கவில்லை. 1920களில் ஜெராட் லம்பேட்டின் தலைமையில் நடைபெற்ற விளம்பர இயக்கம் அத்தேவையைத் தோற்றுவித்தது. 'ஹலிற்றோசிஸ்' என்னும் சொல் 1874இல் யோசப் ஹோ என்னும் மருத்துவர் எழுதிய நூலிலேயே இடம்பெற்றிருந்தது. மருத்துவ நூலில் உறங்கிய அச்சொல்லை விளம்பரம் வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. திருமணம் கைகூடாத பெண்ணும் தோழரால் ஒதுக்கப்பட்ட ஆடவரும் அவ்விளம்பரங்களின் பாத்திரங்களாயினர். வாய்நாற்றம் உடையவர்க்கு அது தெரியாது. தெரிந்தவர் சொல்லமாட்டார் என்பதே அவற்றின் அடிநாதமாக இருந்தது. ஆகவே நோயற்றவரும் தம்மை ஐயுற்றனர். கைத்தொழில் நகரங்களில் அந்நியரிடையே தொழிலும் துணையும் தேடிய மத்தியதர வகுப்பினரின் அச்சமே இங்கு விற்பனைக்கு மூலப்பொருளாயிற்று எனலாம்.

வாய்நாற்றம் வெறுங் கற்பனையன்று. நாவின் பின்புறத்திலும் முரசின் இடுக்குகளிலும் வாழும் பற்றீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து வெளிவிடும் கந்தகச் சேர்வைகளே அதற்குப் பெரிதும் காரணம் என்பதை 1960களிலும் 1970களிலும் கனடாவில் யோசப் ரொன்செற்றிச் நடத்திய ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஆயின் நறுமண நீர்மம் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி முரசு நோயைத் தீர்க்காது.

லிஸ்ரரீன் தடிமனையும் தொண்டை நோவையும் தடுக்கும் என்ற கூற்று 1921 முதல் விளம்பரங்களில் இடம்பெற்று வந்தது. தடிமனை உண்டாக்கும் வைரசுகள் தங்குமிடத்தைக் கொப்பளிக்கும் நீர்மம் போதிய அளவில் அடைவதில்லை. எனவே அக்கூற்று பொய்யானது என 1975இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு தீர்மானித்தது. விளம்பரத்தை நிறுத்துவது மட்டும் போதாது. அம்மருந்து தடிமனைத் தடுக்காது என்பதை, ஏறக்குறைய 1 கோடி டொலர் விளம்பரங்களுக்குச் செலவாகும் வரை, நிறுவனமே அவ்விளம்பரங்களில் அறிவித்தல் வேண்டும் எனவும் பணித்தது. 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இக்கட்டளையைச் சாராம்சத்தில் உறுதிசெய்தது. 1978இல் உயர் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் மனத்திற் பதிந்த பொய்யை அகற்றும் பொறுப்பும் பொய்யுரைத்தவரையே சாரும் என்னும் கோட்பாடு இவ்வாறு நிலைபெற்றது. 2005இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், பல்லிடுக்கைத் துப்புரவாக்கும் நூலுக்கு இணையானது லிஸ்ரரீன் என்ற விளம்பரத்தையும் தவறானதெனத் தள்ளியது.

இதற்கிடையில் விஞ்ஞானம் தன் வழியிற் சென்றது. டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் ஹரால்ட் லோவும் சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கியதும் அது மறைந்தது. பல்லிற் படியும் படலமே முரசு அழற்சிக்குக் காரணம் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது. 1970இல் லோவும் ஷியொட்டும், 0.2 சதவீதக் குளோரெக்சிடின் கரைசலால் நாளுக்கு இருமுறை கொப்பளித்தால் அப்படலம் உருவாவதைத் தடுக்கலாம் எனக் காட்டினர்.

அதே 1970இல் லோவின் குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ பெற்றிராத 480 ஆண் தொழிலாளர் 1985 வரை இடையிடையே பரிசோதிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக்கு நோர்வேயின் மாணவரும் கல்விமான்களும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். 1986இல் வெளியான முடிபுகளின்படி, தோட்டத் தொழிலாளருள் ஏறக்குறைய 8 சதவீதத்தினரிடம் முரசு நோய் விரைவாகவும், 81 சதவீதத்தினரிடம் மிதமாகவும் முற்றியது. 11 சதவீதத்தினரிடம் அது முரசு அழற்சிக்கு அப்பாற் செல்லவில்லை. விரைவாக முற்றியோர் 45 வயதளவில் பற்கள் யாவற்றையும் இழந்தனர். உலகப் பல் மருத்துவ மாணவர் இன்றும் இவ்வெண்களைக் கற்கின்றனர். ஆனால் அவ்வறிவை உலகுக்கு ஈந்தவர்கள், ஒரு பற்தூரிகையின் பயனைக்கூடப் பெறாத வாழ்வு வாழ்ந்தவர்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? அமெரிக்க மத்தியதர வகுப்பினர் நாற்றத்துக்கு அஞ்சிக் கோடிக்கணக்கிற் செலவிட்ட அதே காலத்தில், நம் மலையகத்தில் பற்கள் கேட்பாரற்று உதிர்ந்தன. வாய்ச் சுகாதாரம் தனிமனித ஒழுக்கம் பற்றிய வினா மட்டுமன்று. வசதிகளின் பங்கீடு பற்றிய வினாவுமாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, தெரிவுக்கான அளவுகோல்களை இவ்வரலாறே தருகின்றது. பற்சூத்தை ஏற்படும் வாய்ப்பு மிக்கவர்க்குப் புளோரைட்டுக் கரைசல் ஏற்றது. ஆயின் விழுங்கிவிடும் சிறு குழந்தைகளுக்கு அது தகாது. முரசு அழற்சிக்கும், அறுவைக்குப் பின் துலக்க இயலாத வேளைக்கும் குளோரெக்சிடின் உதவும். அது பல்லிற் கறையூட்டும், சுவையுணர்வையும் மாற்றும். ஆதலின் மருத்துவர் குறித்த குறுகிய காலத்துக்கே அது உரியது. வாய் உலர்வுடையோர் அற்ககோல் கலந்தவற்றைத் தவிர்த்தல் நன்று. நாற்றம் நீடிப்பின் போத்தலை மாற்றுவதை விடுத்து மருத்துவரை நாடுதலே முறை. எவ்வகையாயினும் போத்தலின் முகப்பிலுள்ள வாசகத்தை விடுத்துப் பின்புறத்திலுள்ள சேர்மானப் பட்டியலையே நோக்குதல் வேண்டும்.

கொப்பளிக்கும் நீர்மம் எதுவாயினும் தூரிகைக்கு ஈடாகாது. 1683இல் லீவன்ஹூக் தம் பல்லிடுக்கிற் கண்டதும் இதுவே. அவ்வுண்மையை விலையின்றியே எல்லோர்க்கும் எடுத்துச் சொல்லலாம். தூரிகையையும் பல் மருத்துவரையும் எல்லோர்க்கும் எட்டச் செய்வதே சமுதாயத்தின் முன்னுள்ள கடமையாகும்.